காகிதத்தோடு காரணத்தையும் கொடுங்கள்: கணக்காளரோடு வேலை செய்ய சிறுதொழில் முதலாளிக்கு ஒரு முழு வழிகாட்டி

தொழில் தொடங்கிய முதல் வருடம், கைப்பணம் போதாமல் என் சேமிப்பிலிருந்து மூன்று முறை தொழிலின் வங்கிக் கணக்குக்குப் பணம் மாற்றினேன். வருடம் முடிந்ததும் ஒரு பை நிறைய ரசீதுகளையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் கணக்காளரின் மேசையில் வைத்து, "பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரும் பார்த்துக்கொண்டார். அந்த மூன்று தொகையையும் விற்பனையில் சேர்த்துவிட்டார். ஏற்கெனவே வரி கட்டி மிச்சம் பிடித்த பணத்துக்கு இன்னொரு முறை வரி கட்டினேன். அடுத்த வருடம் கடன் கேட்டுப் போன இடத்தில், "விற்பனை ஏன் இப்படிக் குறைந்திருக்கிறது?" என்று கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனால் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஸ்டேட்மெண்டில் தேதி இருக்கும், தொகை இருக்கும், யார் அனுப்பியது என்பதும் பாதி சமயம் இருக்கும். எதற்காக வந்தது என்பது இருக்காது. அது முதலாளியின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

கணக்கு எழுதும் முறையே இந்தச் சிக்கலுக்கு இடம் கொடுக்கிறது. இத்தாலிய வணிகர்கள் கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சோலி என்ற கணித அறிஞர் 1494-இல் வெனிஸில் அச்சில் விளக்கினார். இன்றைய கணக்கு மென்பொருளும் அதே அடிப்படையில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு. வங்கியில் பணம் ஏறியது ஒரு பக்கம். விற்பனையா, முதலா, கடனா, பழைய பாக்கி வசூலா என்பது மறுபக்கம். மறுபக்கத்தைத் தப்பான தலைப்பில் போட்டாலும் பற்றும் வரவும் அழகாக டேலி ஆகும். என் முதல் வருடக் கணக்கும் கச்சிதமாக டேலி ஆனது.

கீழே உள்ள படிகளை அந்த அனுபவத்தை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். வரி விகிதம், தாக்கல் தேதி, படிவம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. கணக்காளரோடு வேலை செய்யும் விதம் பெரிதாக மாறுவதில்லை.

படி 1: யாருக்கு எந்த வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கணக்கு சம்பந்தப்பட்ட எல்லாரையும் "ஆடிட்டர்" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். உண்மையில் இதில் மூன்று நான்கு வேலைகள் கலந்திருக்கின்றன. அன்றாடப் பதிவுகளைப் போடுவது ஒன்று. அந்தப் பதிவுகளிலிருந்து லாப நட்டக் கணக்கும், தொழிலின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பும் (பேலன்ஸ் ஷீட்) தயாரித்து விளக்குவது இன்னொன்று. வரி கணக்கிட்டுத் தாக்கல் செய்வது மூன்றாவது. தணிக்கை இவற்றிலிருந்து தனி. வேறொருவர் தயாரித்த கணக்கு சரியாக இருக்கிறதா என்று வெளியாளாக நின்று சோதித்துக் கருத்துச் சொல்வதுதான் தணிக்கை. தானே எழுதிய கணக்குக்குத் தானே சான்று கொடுப்பது அந்த வேலையின் அடிப்படைக்கே விரோதம்.

சிறிய தொழிலில் முதல் மூன்றையும் ஒரே ஆள் செய்வது சகஜம். ஆனால் அன்றாடப் பதிவுக்குத் தகுதி பெற்ற கணக்காளரின் நேரத்தை வாங்குவது வீண் செலவு. பதிவுகளை நீங்களோ பகுதிநேர ஊழியரோ போட்டு, சரிபார்ப்பது, விளக்குவது, வரி ஆகியவற்றை மட்டும் கணக்காளரிடம் விட்டால் கட்டணமும் குறையும், அவரோடு பேச நேரமும் கிடைக்கும்.

படி 2: சொந்தப் பணத்தையும் தொழில் பணத்தையும் பிரியுங்கள்

கணக்காளரைத் தேடுவதற்கு முன்பே செய்யவேண்டியது இது. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி அட்டை. தொழில் வரவு அங்கேதான் வரவேண்டும், தொழில் செலவு அங்கிருந்துதான் போகவேண்டும். வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டுமா? ஒரே தொகையாக உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு, அங்கிருந்து செலவு செய்யுங்கள். தொழில் அட்டையில் மளிகை வாங்கினால், அந்த ஒவ்வொரு செலவையும் யாரோ பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த யாரோவுக்குக் கட்டணம் கொடுப்பது நீங்கள்தான்.

தனி உரிமைத் தொழிலில் நீங்கள் எடுக்கும் பணம் "சொந்த எடுப்பு". அது செலவில் சேராது, அதனால் லாபத்தைக் குறைக்காது. நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் கதை வேறு. நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் பணத்தைப் பொதுவாகச் சம்பளமாகவோ ஈவுத்தொகையாகவோ கடனாகவோதான் எடுக்க முடியும், ஒவ்வொன்றுக்கும் வரி விளைவு வேறு. எடுத்த பிறகு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 3: ஆளைத் தேர்ந்தெடுப்பது

தகுதியை முதலில் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் கணக்காளர்களுக்குத் தொழில்முறை அமைப்பு இருக்கிறது, உறுப்பினர் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

அப்புறம் நேரில் பேசுங்கள். "எவ்வளவு கட்டணம்?" என்பதை முதல் கேள்வியாக வைக்காமல், என் தொழில் போன்ற தொழிலை ஏற்கெனவே பார்க்கிறீர்களா, என் கோப்பை நீங்களே பார்ப்பீர்களா அல்லது உங்கள் உதவியாளரா, வருடத்தின் எந்த மாதங்களில் உங்களைப் பிடிக்க முடியாது என்றெல்லாம் கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். பேசுவது ஒருவர், செய்வது இன்னொருவர் என்பதில் தப்பில்லை. செய்பவரையும் ஒருமுறை பார்த்துப் பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் தேர்வு செய்யும்போது பார்ப்பது, அவர் என்னிடம் என்ன கேட்கிறார் என்பதை. வாடிக்கையாளர்கள் எத்தனை நாளில் பணம் தருகிறார்கள், சரக்கிருப்பை எப்போது எண்ணுகிறீர்கள், கடன் ஏதாவது இருக்கிறதா என்று துருவுகிறவர் நல்ல அறிகுறி. எதுவுமே கேட்காமல் "கவலைப்படாதீர்கள், வரியே வராமல் பண்ணிவிடலாம்" என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

படி 4: பேசியதை எழுத்தில் வாங்குங்கள்

ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தெந்த வேலை கட்டணத்துக்குள் அடக்கம், எது தனி, நான் எந்தத் தேதிக்குள் என்ன கொடுக்கவேண்டும், அவர் எந்தத் தேதிக்குள் என்ன கொடுப்பார், தாமதத்தால் அபராதம் வந்தால் யார் பொறுப்பு, பிரிந்துபோனால் கோப்புகள் எப்படிக் கைமாறும். தகராறு வருவது பெரும்பாலும் "அதுவும் சேர்த்துத்தான் என்று நினைத்தேன்" என்ற இடத்தில். வரித்துறை நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது, வங்கிக் கடனுக்கு அறிக்கை தயாரிப்பது, சம்பளப் பட்டியல் போடுவது ஆகிய மூன்றும் கட்டணத்தில் உண்டா இல்லையா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

படி 5: மாதக் கட்டு

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் பாதி சுலபமாகிவிடும். வருடக் கடைசியில் ஒரு மூட்டையாகக் கொடுப்பதற்குப் பதில், ஒவ்வொரு மாதமும் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் ஒரே கட்டாகக் கொடுங்கள். நான் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி என்று வைத்திருக்கிறேன். கட்டில் இருக்கவேண்டியவை:

- எல்லா வங்கிக் கணக்குகளின், அட்டைகளின் முழு மாத ஸ்டேட்மெண்ட்
- கொடுத்த பில்கள், எண் வரிசைப்படி. ரத்து செய்த எண்கள் உட்பட
- வாங்கிய பில்கள், செலவு ரசீதுகள்
- ரொக்க வரவு செலவுக் குறிப்பு
- சம்பள விவரம்; புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர்
- புதிய கடன், குத்தகை, காப்பீடு போன்ற ஒப்பந்தங்களின் நகல்
- காரணக் குறிப்பு

கடைசியில் உள்ளது என் சொந்தச் சேர்க்கை. ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் வெளியாள் ஒருவருக்குப் புரியாத பதிவுகள் மாதத்துக்கு ஐந்தாறுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவேன். "9-ஆம் தேதி வந்த 40,000: என் சொந்தப் பணம், தொழிலுக்குக் கடனாகப் போட்டது." "14-ஆம் தேதி போன 12,500: அச்சு இயந்திரத்துக்கு முன்பணம், இயந்திரம் இன்னும் வரவில்லை." "22-ஆம் தேதி வந்த 8,000: வாடிக்கையாளர் தவறுதலாக இரண்டு முறை அனுப்பியது, திருப்பித் தரவேண்டும்." பத்து நிமிடம்கூட ஆகாது. முன்பெல்லாம் இந்தப் பதிவுகள் கணக்கில் "சஸ்பென்ஸ்" என்ற தலைப்பில் போய் உட்காரும். என்னவென்று தெரியாததைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் இடம் அது. வருடக் கடைசியில் உங்கள் பேரேட்டில் (தலைப்புவாரியாகக் கணக்கு எழுதும் புத்தகத்தில்) சஸ்பென்ஸ் தலைப்பில் தொகை நின்றால், ஏதோ ஒன்றைப் பற்றி நீங்களும் அவரும் பேசவே இல்லை என்று அர்த்தம்.

ரசீதுகளைப் பற்றி இரண்டு விஷயம். வெப்பத் தாளில் அடிக்கும் கடை ரசீதுகள் சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும், அதனால் வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள், யாரிடம், தொகை என்ற வரிசையில் வைத்தால் தானாகவே தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளும். எத்தனை வருடம் வைத்திருக்கவேண்டும் என்பதைக் கணக்காளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாட்டைப் பொறுத்தும் ஆவணத்தைப் பொறுத்தும் அது மாறும். நிலம், கட்டடம், இயந்திரம் போன்றவற்றின் ஆவணங்களை விற்ற பிறகும் சில ஆண்டு வைத்திருக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் வாங்கிய தொகை தெரிந்தால்தான் விற்ற லாபம் தெரியும்.

கட்டு போனபிறகு அவர் செய்யவேண்டிய முதல் வேலை வங்கிச் சரிபார்ப்பு. புத்தகத்தில் உள்ள வங்கி இருப்பும் ஸ்டேட்மெண்டில் உள்ள இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று வரிவரியாகக் காட்டும் தாள் அது. மாதாமாதம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கொடுத்தும் பணமாகாத காசோலை, பதிவாகாத வங்கிக் கட்டணம், இரண்டு முறை ஏறிய பில் எல்லாம் அதில்தான் பிடிபடும்.

படி 6: அறிக்கையை வாசியுங்கள், புரியாததைக் கேளுங்கள்

"லாபம் வந்திருக்கிறது என்கிறீர்கள், வங்கியில் பணத்தைக் காணோமே?" கணக்காளர்களின் காதில் அதிகம் விழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். சில முதலாளிகள் மனதுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டு கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அதுதான் மோசம்.

ஒரு கற்பனைக் கணக்கு. வருட லாபம் 6,00,000. செலவில் தேய்மானம் 50,000 சேர்ந்திருக்கிறது. அது கையைவிட்டுப் போன பணம் அல்ல, இயந்திரத்தின் மதிப்பு குறைந்ததைக் காட்டும் பதிவு, எனவே திரும்பக் கூட்டினால் 6,50,000. வாடிக்கையாளர்களிடம் நிற்கும் பாக்கி போன வருடத்தைவிட 2,20,000 கூடியிருக்கிறது. பில் போட்டதும் விற்பனை பதிவாகிவிட்டது, பணம்தான் இன்னும் வரவில்லை. சரக்கிருப்பு 90,000 கூடியிருக்கிறது. கடனில் அசல் மட்டும் 1,20,000 அடைத்திருக்கிறீர்கள். வட்டி செலவில் வரும், அசல் வராது. வீட்டுக்கு 2,40,000 எடுத்திருக்கிறீர்கள். வேறு எதுவும் மாறவில்லை என்றால், 6,50,000-இலிருந்து இந்த நான்கையும் கழித்துப் பாருங்கள். ஆறு லட்சம் லாபம் வந்த வருடத்தில் வங்கி இருப்பு 20,000 குறைந்திருக்கும்.

யாரும் திருடவில்லை, கணக்கும் தப்பில்லை. ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் முதலில் கைவைக்க வேண்டிய இடம் தெரிந்துவிடுகிறது: அந்த 2,20,000 பாக்கி. உங்கள் தொழிலின் எண்களை வைத்து இதே பாதையை வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்காளரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

மாத அறிக்கையில் நான் பார்ப்பது நான்கு எண்கள்தான்: போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்ட விற்பனை, மொத்த லாப விகிதம் (விற்பனையில் சரக்கின் அடக்கவிலை போக மிஞ்சும் சதவீதம்), அறுபது நாளைத் தாண்டிய பாக்கி, கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குத் தாங்கும். மொத்த லாப விகிதம் காரணமில்லாமல் துள்ளினால் பெரும்பாலும் சரக்கிருப்பை எண்ணியதில் தப்பு இருக்கும், அல்லது ஏதோ ஒரு கொள்முதல் பில் விடுபட்டிருக்கும்.

படி 7: செய்தபிறகு சொல்லாதீர்கள், செய்யும் முன் கேளுங்கள்

கணக்காளருக்கு மிக எரிச்சலூட்டும் வாக்கியம், "போன மாதம் ஒரு வண்டி வாங்கினேன், வரியில் கழிக்கலாம்தானே?" என்பது. வண்டியை யார் பெயரில் வாங்கினோம், கடனா குத்தகையா, இந்த நிதியாண்டிலா அடுத்ததிலா, சொந்த உபயோகம் எவ்வளவு என்ற ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும். வாங்கியபிறகு இவற்றில் பாதியை மாற்ற முடியாது.

பெரிய இயந்திரம், முதல் ஊழியர், கூட்டாளி சேர்ப்பது, விலகுவது, நீண்ட குத்தகை, வெளிநாட்டு வாடிக்கையாளர், தொழிலின் சட்ட வடிவத்தை மாற்றுவது ஆகியவற்றுக்கெல்லாம் கையெழுத்துக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும். குறிப்பாக முதல் ஊழியர். சம்பளத்தில் வரிப்பிடித்தம், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, பதிவு என்று ஒருவரைச் சேர்த்தவுடன் புதிய கடமைகள் கிளம்பும். "ஒப்பந்தக்காரர்" என்று பெயர் வைத்துத் தப்பிக்கலாம் என்ற யோசனையையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். பல நாடுகளில் பெயரைப் பார்ப்பதில்லை, வேலை நடக்கும் விதத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று. வரியில் கழியும் என்பதற்காக வேண்டாத பொருளை வாங்காதீர்கள். வரி விகிதம் முப்பது சதவீதம் என்றால், நூறு செலவு செய்து முப்பது மிச்சம் பிடிக்கிறீர்கள். மீதி எழுபது உங்கள் பணம்தான்.

படி 8: வரிப் பணமும் நோட்டீஸும்

வாடிக்கையாளரிடம் விற்பனை வரி வசூலித்தால் அது உங்கள் வருமானம் அல்ல, அரசுக்காக வாங்கி வைத்திருப்பது. ஊழியர் சம்பளத்தில் பிடித்ததும் அப்படியே. வந்த வாரமே இந்தத் தொகையை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவது என் வழக்கம். வருமான வரிக்கு எத்தனை சதவீதம் ஒதுக்கலாம் என்று கணக்காளரிடம் ஒரு மதிப்பீடு வாங்கி, அதையும் அங்கேயே போட்டுவைப்பேன்.

நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே கணக்காளருக்கு அனுப்பிவிடுங்கள். பதில் சொல்லும் கெடு சில சமயம் நோட்டீஸில் போட்ட தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் உறையைப் பிரிக்கும் வரை காத்திருக்காது. நீங்களாகவே அவசரப்பட்டு விளக்கம் எழுதிவிடவும் வேண்டாம்.

கணக்காளரிடம் எதையும் மறைக்காதீர்கள். ரொக்க விற்பனையைப் பாதி சொல்லிப் பாதி விட்டால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு ஆலோசனையும் தப்பான எண்ணின் மேல் நிற்கும். பழைய தப்பு ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். தானாக முன்வந்து திருத்துகிறவருக்கு அபராதத்தில் சலுகை தரும் வழி பல நாடுகளின் வரிச் சட்டங்களில் உண்டு. வரித்துறையே கண்டுபிடித்த பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

படி 9: சாவி உங்கள் கையில் இருக்கட்டும்

வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. தாக்கல் தப்பானால் கடிதம் வருவது உங்கள் பெயருக்கு. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கைப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள், பணம் அனுப்பும் அனுமதி வேண்டாம். வரித்துறை இணையதளத்திலும் கணக்கு மென்பொருளிலும் முதன்மைப் பயனர் நீங்களாக இருக்கவேண்டும். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவை, அவர் இரண்டாம் பயனர். பாதிப் பேர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

வரியை உங்கள் கணக்கிலிருந்து நேராக அரசுக்குக் கட்டுங்கள். "எனக்கு அனுப்பிவிடுங்கள், நான் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும், எத்தனை வருடப் பழக்கமானாலும், வேண்டாம். தாக்கல் ஆனதும் ஒப்புகைச் சீட்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் மொத்த விற்பனை, லாபம், கட்டவேண்டிய வரி ஆகிய மூன்றையாவது உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் முதல் வருடம் இதைச் செய்திருந்தால், என் சேமிப்பு விற்பனையாக மாறியதை அன்றைக்கே பிடித்திருப்பேன்.

படி 10: ஒத்துவரவில்லை என்றால்

ஒருமுறை தாமதமாகப் பதில் வந்ததற்கெல்லாம் ஆளை மாற்றாதீர்கள். அதே தப்பு இரண்டாம் முறை வந்தால், கேள்வி கேட்டால் எரிந்து விழுந்தால், கெடு தவறியதை மறைத்தால் மாற்றிவிடலாம். நிதியாண்டு முடிந்து தாக்கலும் ஆனபிறகு மாற்றுவது வசதி. பாக்கிக் கட்டணத்தைத் தீர்த்துவிட்டு, எழுத்தில் தெரிவித்து, இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: இருப்பாய்வுப் பட்டியல் (எல்லாத் தலைப்புகளின் இருப்பையும் ஒரே இடத்தில் காட்டும் தாள்), முழுப் பேரேடு, தேய்மானக் கணக்கோடு நிலைச் சொத்துப் பட்டியல், தாக்கல் செய்த படிவங்களும் ஒப்புகைகளும், சம்பளப் பதிவேடு, மென்பொருளின் காப்பு நகல். பழைய கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

புதியவர் வந்ததும் ஒன்றை மட்டும் நீங்களே சரிபாருங்கள். போன வருட இருப்புநிலைக் குறிப்பின் இறுதி எண்களும் அவர் போடும் புதிய வருடத்தின் ஆரம்ப எண்களும் ஒவ்வொரு தலைப்பிலும் ஒன்றாக இருக்கவேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே காரணம் கேளுங்கள். சேர்த்துவைத்த காரணக் குறிப்புகளையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். என்னுடைய இப்போதைய கணக்காளர் பேரேட்டைத் திறப்பதற்கு முன் அந்தக் குறிப்புகளைத்தான் கேட்டு வாங்கினார்.